அம்மாவுக்குச் சுனாமி நினைவிருக்கிறது, காலைச் சாப்பாடு நினைவில்லை: மறதிநோயில் எஞ்சுவது எது?

கல்லடி மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 78 வயது. அல்சைமர் நோய் என்று உறுதியாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பிட்டும் சொதியும் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள், "இந்த வீட்டில் எனக்கு ஒருவரும் சாப்பாடு தருவதில்லை" என்று பக்கத்து வீட்டில் முறையிடுகிறார். அதே அம்மாவிடம் 2004 டிசம்பர் 26 காலையைப் பற்றி வாயெடுத்தால் போதும். மட்டக்களப்புக் கடற்கரையில் நாவலடிப் பக்கம் என்ன சத்தம் கேட்டது, யார் கையைப் பிடித்து இழுத்தார்கள், எந்த வீட்டு மாடியில் ஏறி நின்றார் என்று ஒன்று விடாமல் சொல்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. "பாய் எப்படி இழைப்பது, அம்மா?" என்று கேட்டால் திகைத்துப் பார்க்கிறார். காய்ந்த பன்புல்லை மடியில் வைத்துவிட்டால் விரல்கள் தாமாக ஓடுகின்றன. ஓரம் மடிக்கும் இடத்தில்கூடத் தடுமாற்றம் இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆனால் நான் இங்கே எழுத வந்த காரணம் வேறு. என் அண்ணனைச் சுனாமி கொண்டுபோனது. அம்மா இப்போது ஒவ்வொரு நாளும் "பெரியவன் வந்துவிட்டானா?" என்று கேட்கிறார். உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்பது தம்பியின் நிலைப்பாடு. அவன் சொல்கிறான், அம்மா அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார், தலையில் அடித்து அழுகிறார். கொஞ்ச நேரத்தில் எதற்காக அழுதார் என்பது மறந்துபோகிறது. முகம் மட்டும் பொழுதுபடும் வரை இருண்டே கிடக்கிறது, சோறு இறங்குவதில்லை. தம்பி அம்மாமீது உயிரையே வைத்திருப்பவன். மறைப்பது அம்மாவை அவமதிப்பது என்று அவன் நினைக்கிறான். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஓய்வு பெற்ற தாதி

தங்கச்சி, நான் மனநலப் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்தவள். உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் அவசரம், அதற்கே முதலில் வருகிறேன்.

அம்மா செய்தியை மறக்கிறார், துயரத்தை மறக்கவில்லை. இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பது அல்ல. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயுள்ள 17 பேருக்கும் நோயில்லாத 17 பேருக்கும் சோகமான படத் துண்டுகளையும் மகிழ்ச்சியான படத் துண்டுகளையும் தனித்தனியே காட்டினார்கள். 2014இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பார்த்து முடித்துச் சில நிமிடங்களில் கேட்டபோது நோயாளிகள் மிகக் குறைவாகவே நினைவுகூர்ந்தார்கள். ஒருவருக்குப் படம் பார்த்ததே நினைவில்லை. ஆனாலும் அந்தத் துக்கமும் மகிழ்ச்சியும் அரை மணி நேரம் வரை அவர்களிடம் தங்கியிருந்தன. என் மனத்தை இன்றும் உறுத்துவது அந்த ஆய்வின் ஒரு முடிவு: படத்தை எவ்வளவு குறைவாக நினைவுகூர்ந்தார்களோ, அவர்களுக்குத் துக்கம் அவ்வளவு கூடுதலாக நீடித்தது. எதற்காக அழுகிறோம் என்று தெரிந்தவர் அந்தக் காரணத்தோடு மல்லுக்கட்டியாவது தேறலாம். காரணம் கைவிட்டுப்போன துக்கத்துக்கு அந்த வழியும் இல்லை.

ஆகவே தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். அவர் சொல்லும் உண்மை அம்மாவிடம் போய்ச் சேரவில்லை, அதன் காயம் மட்டும் சேர்கிறது. தினமும் ஒரு மரண வீட்டை நடத்துகிறீர்கள். ஒருமுறை துக்கம் அனுபவித்து முடித்த தாயை மறுபடி மறுபடி அதற்குள் தள்ள வேண்டியதில்லை.

"பெரியவன் வந்துவிட்டானா?" என்று கேட்கும்போது பதிலைத் தேடாமல் முகத்தைப் பாருங்கள். ஏக்கமாகக் கேட்கிறாரா, பயந்து கேட்கிறாரா? ஏக்கம் என்றால், "பெரியவனை மனம் தேடுகிறதா, அம்மா? உங்கள் கையால் என்ன சமைத்தால் அவனுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டு அவர் பேச விடுங்கள். பயம் என்றால், பேச்சுக்கு முன் கையைப் பிடியுங்கள். பேச்சு தணியும் நேரம் பார்த்துப் பன்னையோ தேங்காயையும் திருவலையையுமோ அவர் முன் வையுங்கள். பொழுது சாயும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது என்றால் வியப்பில்லை; இந்நோயில் மாலை நேரக் கலக்கம் பொதுவானது. இருட்டும் முன்பே விளக்கைப் போட்டு, கைவேலையையும் தொடங்கிவிடுங்கள்.

வீட்டுக்கு வரும் உறவினர்களைப் பற்றியும் ஒரு சொல். திருவிழாவுக்கு வருகிறவர்கள் கட்டிலடியில் நின்று, "நான் யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் பதில் வராதபோது அந்த முதியவரின் கண்ணில் தெரியும் வெட்கத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கேட்டவர் போன பின்பும் அந்த வெட்கம் அவரோடு இருக்கும். வந்ததும் "நான் உங்கள் அக்கா மகள், மண்டூரிலிருந்து வந்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

வாவிக்கரை வாசகன்

தாதி அக்கா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். முதல் கேள்விக்கு நான் படித்ததை வைத்து எழுதுகிறேன்.

நினைவு என்பது மூளையில் ஒரே களஞ்சியத்தில் இருப்பது அல்ல. "இன்று காலை என்ன நடந்தது" என்பதைப் பதிந்துகொள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேண்டும். இரண்டு காதுகளுக்கும் நேர் உள்ளே, மூளையின் அடிப்பக்கமாக அது இருக்கிறது. அல்சைமர் நோய் முதலில் கைவைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. கை பழகிய வேலைகள் வேறு வழியில் பதிகின்றன. மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்புத்திரள்களும் சிறுமூளையும் அவற்றுக்குப் பொறுப்பு. அல்சைமரில் அவை நெடுங்காலம் தாக்குப்பிடிக்கின்றன.

இந்தப் பிரிவினையை உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். 1953இல் வலிப்பு நோய்க்காக அவருடைய ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை இரு பக்கமும் வெட்டி எடுத்தார்கள். அதன்பின் புதிதாக எதையும் நினைவில் வைக்க அவரால் முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரை, கண்ணாடியில் மட்டும் கையைப் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தை வரையச் சொன்னார். மூன்று நாளில் கை நன்றாகத் தேறியது. ஆனால் அந்தப் பயிற்சியை முன்பு செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. உங்கள் அம்மாவின் விரல்கள் அந்த வகை. "எப்படி இழைப்பது" என்ற கேள்வி வாய் வழியாகப் போகிறது, அங்கே வழி அடைபட்டுவிட்டது. பன் விரல் வழியாகப் போகிறது.

இனி சுனாமி. ஜப்பானில் 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. அந்த நேரத்தில் அல்சைமர் நோயோடு அப்பகுதியில் வாழ்ந்த 51 பேரைச் சில வாரங்களின் பின் விசாரித்தார்கள். அவர்களில் 86 சதவீதமானோர் நிலநடுக்கத்தை நினைவில் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு தங்களுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. பரிசோதனையை நினைவில் வைத்திருந்தவர்கள் 31 சதவீதம்தான். அடுத்து வந்த ஆய்வில், அமிக்டலா என்ற பகுதி யாருக்குக் குறைவாகச் சுருங்கியிருந்ததோ அவர்கள் அந்த நாளைப் பற்றிக் கூடுதலாகச் சொன்னார்கள் என்று தெரிந்தது. ஹிப்போகாம்பஸுக்கு முன்னால் ஒட்டினாற்போல் இருக்கும் சிறிய பகுதி அது. பயமும் அதிர்ச்சியும் வரும்போது, "இதை அழுத்திப் பதி" என்று பக்கத்துப் பகுதிக்கு ஆணையிடுவது அதன் வேலை.

இங்கே ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. கோபே மக்கள் நோய் வந்த பிறகு நிலநடுக்கத்தைக் கண்டவர்கள். உங்கள் அம்மா சுனாமியைக் கண்டபோது நலமாக இருந்தார். அது பழைய நினைவு. 20 ஆண்டுகளாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! சொல்லிச் சொல்லி உறுதிப்பட்ட பழைய நினைவுகள் இந்நோயில் கடைசியில்தான் போகின்றன. இங்குள்ள முதியவர்கள் 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள், அதுவும் அப்படித்தான். ஆகவே சுனாமிக் கதை அப்படியே இருப்பதில் உணர்ச்சிக்கு ஒரு பங்கு, காலத்துக்கு ஒரு பங்கு, திரும்பத் திரும்பச் சொன்னதற்கு ஒரு பங்கு. ஆய்வுகூடத்தில் படங்களையும் சொற்களையும் வைத்துச் செய்த சோதனைகளில் அல்சைமர் நோயாளிகளுக்கு உணர்ச்சி எல்லா நேரமும் கைகொடுத்துவிடவில்லை. முடிவுகள் இரண்டு பக்கமும் உண்டு. அமிக்டலாவையும் இந்நோய் விட்டுவைப்பதில்லை.

கல்லடி மகள்

இருவருக்கும் நன்றி. தம்பியையும் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்டினேன். அயோவா ஆய்வைப் பற்றிய பகுதியை அவன் மறுபடி வாசிக்கச் சொன்னான். "அப்படியானால் மகிழ்ச்சியும் தங்கும்தானே, அக்கா?" என்று கேட்டான். தங்கும் என்றுதான் நானும் விளங்கிக்கொண்டேன்.

மருதமுனைத் தறி

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

வாப்பா மருதமுனையில் தறியில் வாழ்ந்தவர். சாரமும் சேலையும் நெய்த கை. இப்போது பார்க்கின்சன் நோய். நினைவு கூர்மையாக இருக்கிறது. எந்த ஆண்டு நூல் என்ன விலைக்கு விற்றது, யார் எவ்வளவு கடன் வைத்தார் என்று கேட்டால் நொடியில் சொல்வார். ஆனால் தறியில் உட்காரவைத்தால் மிதியை மிதிக்கும் ஒழுங்கு குழம்புகிறது, நாடா பாதியில் நிற்கிறது. "எப்படி என்று தெரியும் மகன், கால்தான் கேட்குதில்லை" என்று சொல்லிவிட்டு எழும்பிவிடுகிறார். வீட்டுக்குள் நடக்கும்போதும் கதவு நிலையில் வந்ததும் பாதம் தரையில் ஒட்டிக்கொள்கிறது.

இரண்டு விடயங்கள் எனக்கு விளங்கவில்லை. பக்கத்துத் தறியில் காக்கா (என் அண்ணன்) நெய்துகொண்டிருந்தால், அந்தச் சத்தத்துக்கு வாப்பாவின் கால் சரியாக மிதிக்கிறது. இரண்டாவது, ஒருநாள் குசினியில் தீப்பிடித்துப் பிள்ளை கத்தியபோது, கட்டிலிலிருந்து எழும்பவே ஆள் தேவைப்படும் மனிதர் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினார். பார்த்தவர்கள் "இவருக்கு நோயே இல்லை, நடிக்கிறார்" என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சு வாப்பாவின் காதுக்கும் போய்விட்டது. நோயைவிட அதுதான் அவரை வதைக்கிறது.

வாவிக்கரை வாசகன்

உங்கள் வாப்பா நடிக்கவில்லை. அப்படிப் பேசுகிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

பார்க்கின்சன் நோயில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் அழிகின்றன. பழகிய அசைவுகளை நினைக்காமலே தொடக்கிவைப்பதும், அடுத்ததற்கு மாற்றுவதும் அடித்தள நரம்புத்திரள்களின் வேலை. டோபமின் இல்லாவிட்டால் அந்த வேலைதான் படுத்துவிடும். ஆனால் கண்ணும் காதும் தரும் சைகையைப் பிடித்துக்கொண்டு நடக்கவைக்கும் வேறு பாதைகள் மூளையில் உண்டு. தறியின் சத்தம் அந்தப் பாதையைத் திறக்கிறது. தரையில் கோடு கிழித்தால் கோட்டைத் தாண்டித் தாண்டி நடப்பார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணினால் எண்ணுக்கு நடப்பார்கள். கதவு நிலைக்கு முன்னும் பின்னும் தரையின் நிறத்துக்கு மாறான நிறத்தில் ஒட்டுநாடாவைக் குறுக்காக, ஓர் அடி இடைவெளியில் ஒட்டிப் பாருங்கள்.

தீப்பிடித்த அன்று ஓடியதும் வைத்தியத்தில் நன்றாக அறியப்பட்ட ஒன்று. கடும் அவசரத்தில் சிறிது நேரம் உடல் கட்டுண்டதை அறுத்துக்கொண்டு இயங்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். அதை வைத்து ஒருவரைப் பயமுறுத்தி நடக்கவைக்க முயலக் கூடாது. சாதாரண நாட்களில் பதற்றமும் அவசரப்படுத்தலும் கால் ஒட்டுவதைக் கூட்டவே செய்யும்.

உங்கள் வாப்பாவையும் கல்லடி அம்மாவையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதுபோல ஓர் ஆய்வு 1996இல் நடந்தது. சில அட்டைகளைக் காட்டி, மழையா வெயிலா என்று ஊகிக்கச் சொன்னார்கள். எந்த அட்டைக்கு எது என்று வெளிப்படையாகச் சொல்லித்தர மாட்டார்கள். செய்யச் செய்யத்தான் பிடிபடும். நினைவிழந்த நோயாளிகளுக்கு அது மெல்லப் பிடிபட்டது, ஆனால் அந்தப் பயிற்சியைப் பற்றிக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பார்க்கின்சன் நோயாளிகள் பயிற்சியைப் பற்றி எல்லாம் சொன்னார்கள், ஆனால் அது அவர்களுக்குப் பிடிபடவில்லை.

ஓய்வு பெற்ற தாதி

மருதமுனைத் தம்பி, இரண்டு காரியம் கவனியுங்கள். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரையின் நேரம் பிந்தக் கூடாது. அது வேலை செய்யும் நேரத்தைக் குறித்துவைத்து, தறியில் உட்காருவதானால் அந்த நேரத்தில் உட்காரவையுங்கள். அடுத்தது, நடுக்கத்துக்கென்று பென்ஸ்ஹெக்சால் கொடுத்திருக்கிறார்களா என்று மருந்துத் துண்டைப் பாருங்கள். முதியவர்களுக்கு அது நினைவை மங்கச் செய்து குழப்பத்தைத் தரக்கூடியது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் கேளுங்கள்.

படுவான்கரைப் பேரன்

என் அம்மப்பா வடமோடிக் கூத்துக்கு அண்ணாவியாராக இருந்தவர். எங்கள் ஊரில் அவர் பழக்காத ஆட்டக்காரர் இல்லை. இப்போது என்னைத் தன் தம்பி என்று நினைத்துப் பேசுகிறார், நானும் தம்பியாகவே பதில் சொல்கிறேன். வைத்தியர் அல்சைமர் என்கிறார்.

கூத்தைப் பற்றிக் கேட்டால், "எனக்கு அதெல்லாம் தெரியாது" என்பார். மத்தளத்தில் வரவுத் தாளத்தை அடித்தால் முதுகு நிமிரும். உட்கார்ந்தபடியே காலைப் போடுவார், தருவை (கூத்துப் பாட்டை) எடுத்துப் பாடுவார். ஒரு சொல்கூடப் பிசகாது. நான் தாளத்தைத் தவறாக அடித்தால் என் கையைத் தட்டிவிடுவார்! ஆனால் பாட்டின் நடுவில் யாராவது குறுக்கிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர அவரால் முடிவதில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதைப் பார்த்துவிட்டு உறவினர்கள் "இவருக்குக் குணமாகிறது" என்று ஆசைப்படுகிறார்கள். குணமாகவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மத்தளம் அடித்த நாளில் அவர் நன்றாகச் சாப்பிடுகிறார், இரவில் அலைவதில்லை. எனக்கு அது போதும். இதற்குப் பின்னால் ஏதாவது ஆய்வு உண்டா?

வாவிக்கரை வாசகன்

உண்டு. 2015இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள், நெடுங்காலம் அறிந்த பாட்டைக் கேட்கும்போது மூளையில் எந்த இடம் தொழிற்படுகிறது என்று நலமானவர்களிடம் கண்டறிந்தார்கள். பிறகு அதே இடங்களை அல்சைமர் நோயாளிகளின் மூளையில் பார்த்தார்கள். அவை மற்ற இடங்களைவிடக் குறைவாகவே சிதைந்திருந்தன. அவற்றில் ஒன்று அசைவைத் திட்டமிடும் பகுதியைச் சேர்ந்தது என்பதை ஓர் அண்ணாவியாரின் பேரன் கவனிக்க வேண்டும். கூத்தில் பாட்டும் தாளமும் காலும் ஒரே நேரத்தில் பழக்கப்பட்டவை. ஒன்று எழும்பினால் மற்றவற்றையும் எழுப்பும். நடுவில் தொடர முடியாததும் அதனால்தான். ஒவ்வொரு அடியும் முந்திய அடியைப் பிடித்துக்கொண்டு வருவது.

மருதமுனைத் தறி

ஒட்டுநாடா ஒட்டியாகிவிட்டது. கதவைக் கடப்பது முன்னைவிட இலகுவாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தாதி அக்காவிடம் ஒரு கேள்வி. "பெரியவன் எங்கே" என்று தாய் கேட்க, மகன் உயிரோடு இருப்பதுபோல் பேசுவது பொய்யல்லவா? எங்கள் மூத்தம்மாவுக்கும் இதே நிலை இருந்தது. எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. ஒரு பொய்யைச் சொல்லி அமைதிப்படுத்துவதில் என் மனம் ஒப்பவில்லை. பேரன் தம்பி தன்னைத் தம்பி என்று ஏற்று நடிப்பதும் எனக்கு உறுத்துகிறது.

படுவான்கரைப் பேரன்

நான் நடிக்கவில்லை, அண்ணன். அவர் என்னைத் தன் தம்பி என்று கூப்பிடும்போது அதில் உள்ள பாசம் எனக்குத்தான் வருகிறது. "இல்லை, நான் பேரன்" என்று திருத்தினால் அவர் திகைத்துப்போய் வாயை மூடிக்கொள்கிறார். பிறகு அன்றைக்குப் பேச்சே இல்லை. எதற்காகத் திருத்த வேண்டும்?

ஓய்வு பெற்ற தாதி

மருதமுனைத் தம்பியின் உறுத்தல் நியாயமானது. "வருவான், கடைக்குப் போயிருக்கிறான்" என்று சொல்லும்படி நான் எழுதவில்லை. அப்படிச் சொன்னால் அவர் படலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், எதிர்பார்ப்பே இன்னொரு வேதனையாகிவிடும். மகனைப் பற்றிப் பேச அழைப்பதில் பொய் எங்கே இருக்கிறது? அவர் உண்மையாகவே அந்த மகனின் தாய். அவனுக்கு என்ன பிடிக்கும் என்பதும் உண்மை. "இருக்கிறானா இல்லையா" என்று அவரே கண்ணைப் பார்த்துக் கேட்டு, தெளிவாகப் பதிலை வேண்டி நிற்கும் ஒரு நேரமும் வரலாம். அப்போது மறைக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, சொல்லுங்கள். சேர்ந்து அழுங்கள். தினமும் காலையில் செய்தி அறிவிப்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

பராமரிக்கிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எடுவார் கிளபரேட் என்ற சுவிஸ் வைத்தியர் 1911இல் எழுதிவைத்தது. அவருடைய நோயாளிப் பெண்ணுக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை. ஒருநாள் விரல்களுக்கிடையே ஊசியை மறைத்து வைத்துக்கொண்டு அவளுடன் கைகுலுக்கினார். அடுத்தமுறை கையை நீட்டியபோது அவள் தன் கையை இழுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. இன்று ஒருவரும் அப்படிச் சோதனை செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. ஆனால் நம் வீடுகளில் தெரியாமலே அது நடக்கிறது. குளிக்க வார்க்கும்போது குளிர்ந்த நீரைத் திடீரென்று ஊற்றுகிறவர், கையைப் பிடித்து இழுக்கிறவர், அதட்டுகிறவர் யார் என்று முதியவரின் வாய் சொல்லாது. அவர் வந்ததும் உடல் விறைக்கும். "இன்றைக்கு என்ன பிடிவாதம்" என்று எரிச்சல்படுவோம். ஒருவர் கை பட்டால் மட்டும் முரண்டு பிடிக்கிறார் என்றால், அந்தக் கை முன்பு என்ன செய்தது என்று கேட்டுப் பாருங்கள். இதமான கையும் அதே வழியில்தான் நினைவில் ஏறுகிறது.

எழுவான்கரை நடையன்

நடப்பது ஹிப்போகாம்பஸைப் பெரிதாக்கும் என்று வாசித்தேன். உடற்பயிற்சி செய்தால் நோய் பின்வாங்குமா? மாமியைத் தினமும் கல்லடிக் கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப்போக நினைக்கிறோம்.

வாவிக்கரை வாசகன்

நீங்கள் வாசித்த 2011ஆம் ஆண்டு ஆய்வு மறதிநோய் இல்லாத முதியவர்களிடம் செய்தது. ஓராண்டு நடந்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. ஏற்கெனவே மறதிநோய் உள்ள 494 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. கடுமையான பயிற்சியால் உடல் வலுத்தது, ஆனால் மறதி குறையவில்லை. ஓராண்டின் பின் பயிற்சி செய்தவர்களின் சிந்தனைத் திறன் மற்றவர்களைவிடச் சற்று மோசமாகக்கூட இருந்தது. ஆகவே நோய் பின்வாங்கும் என்ற எதிர்பார்ப்போடு நடத்த வேண்டாம். நித்திரை, பசி, மனநிலை, விழாமல் நடக்கும் வலு ஆகியவற்றுக்காக நடத்துங்கள். வெயில் ஏறும் முன் போங்கள். மாமி சுனாமியைக் கண்டவர் என்றால் கடற்கரைக்குப் பதிலாக வாவிக்கரையை யோசியுங்கள்.

கல்லடி மகள்

கடற்கரையைப் பற்றிச் சொன்னது சரி. சுனாமியில் சரிந்த கோயில் கோபுரத்தின் பக்கம் போனாலே அம்மாவின் நடை வேகம் கூடுகிறது, என் கையை நசுக்குகிறார்.

இன்னொரு உதவி வேண்டும். பழைய கழிப்பறையை இடித்துவிட்டு வீட்டோடு சேர்த்துப் புதிதாகக் கட்டியிருக்கிறோம். அம்மா இன்னும் வளவுக்குள் இறங்கிப் பழைய இடத்தைத் தேடுகிறார். எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை.

ஓய்வு பெற்ற தாதி

சொல்வதை நிறுத்திவிட்டு நடத்துங்கள். வாயால் கேட்ட செயலைவிடக் கையால் செய்த செயல் நினைவில் கூடுதலாக நிற்கும் என்பது 1980கள் முதல் பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த ஒன்று. "தீக்குச்சியை முறி" என்ற வாக்கியத்தைக் கேட்டவரைவிட, முறித்தவருக்கு அது நினைவிருக்கும். அல்சைமர் நோயாளிகளுக்கும் அந்த நன்மை கிடைப்பதைச் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். செய்யவைத்தால் மட்டும் போதாது, நினைவுகூரும் நேரத்திலும் ஏதாவது சைகை கொடுத்து உதவ வேண்டும்.

அம்மா எழும்பியதும், சாப்பிட்டதும், படுக்கும் முன்னும் கட்டிலிலிருந்து புதிய கழிப்பறைக்கு ஒரே வழியால் நீங்களே கூட்டிப்போங்கள். ஒரே கை சுவரைத் தடவட்டும், கதவைத் திறப்பது அம்மாவின் கையாகவே இருக்கட்டும். அந்தக் கதவுக்கு மட்டும் பளிச்சென்ற நிறம் பூசுங்கள், இரவில் உள்ளே விளக்கு எரியட்டும். "எங்கே என்று நீங்களே சொல்லுங்கள்" என்று ஊகிக்க விடாதீர்கள். ஊகித்துத் தவறான பக்கம் நடந்தால் கால் அந்தத் தவறையும் படித்துக்கொள்ளும். நமக்குத் தவறு நினைவிருப்பதால் திருத்திக்கொள்கிறோம், அவருக்கு அந்த வசதி இல்லை. வளவுக் கதவுப் பக்கம் ஒரு திரையைத் தொங்கவிடுங்கள்.

திருக்கோவில் வாசகி

எல்லோரும் உணர்ச்சி தங்கும் என்று எழுதுகிறீர்கள். என் வீட்டில் அதுதான் போய்விட்டது.

என் கணவருக்கு 56 வயது. பாடசாலையில் கற்பித்தவர். நினைவுக்கு ஒரு குறையும் இல்லை, கணக்கும் போடுகிறார். ஆனால் தன் தாயின் மரண வீட்டில் உட்கார்ந்து சிரித்தார். எனக்குக் காய்ச்சல் என்றால் திரும்பியும் பார்ப்பதில்லை. இனிப்பை அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறார், கண்டவரிடமும் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார். வேறு தொடர்பு என்று சிலரும், செய்வினை என்று சிலரும் சொல்கிறார்கள். நானும் அவர் என்னை வெறுத்துவிட்டார் என்றே நினைக்கிறேன். இந்த இழையை வாசித்தபின்தான் இது நோயாக இருக்குமா என்று கேட்கத் தோன்றியது.

வாவிக்கரை வாசகன்

அக்கா, இதை வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியவை மூளையின் முன் பகுதியையும் பக்கப் பகுதியையும் தாக்கும் ஒரு வகை மறதிநோயில் காணப்படுபவை. பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் வரும். அதில் நினைவு போவதற்கு முன் பரிவும் தன்னடக்கமும் போகின்றன, இனிப்பில் ஆசை கூடுகிறது. 2013இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வில், நலமானவர்களும் அல்சைமர் நோயாளிகளும் உணர்ச்சி மிகுந்தவற்றைக் கூடுதலாக நினைவில் வைத்தார்கள். இந்த நோயுள்ளவர்களுக்கு அந்தக் கூடுதல் கிடைக்கவில்லை. ஆகவே "உணர்ச்சி தங்கும்" என்று மேலே எழுதியவை அல்சைமருக்கானவை. நோய் எந்த இடத்தைத் தின்கிறதோ அதைப் பொறுத்தே எது எஞ்சும் என்பது.

ஓய்வு பெற்ற தாதி

திருக்கோவில் தங்கச்சி, மற்றவர்கள் பேசுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இது நோய் என்றால் அவர் உங்களை வெறுக்கவில்லை. உங்கள் வலியை உணரும் கருவிதான் அவரிடம் பழுதாகியிருக்கிறது. அழுது காட்டினாலோ கோபித்தாலோ அவருக்கு அது எட்டாது, நீங்கள்தான் களைத்துப்போவீர்கள். ஆறுதலை இப்போதைக்கு ஒரு சகோதரியிடமோ நல்ல தோழியிடமோ தேடிக்கொள்ளுங்கள்.

தாமதிக்காமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலோ, உங்களுக்குக் கிட்டவுள்ள அரச வைத்தியசாலையிலோ காட்டுங்கள். தைரொய்டு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, மூளையில் கட்டி அல்லது இரத்தக் கசிவு ஆகியவையும் குணத்தை மாற்றும். அவற்றில் பல சிகிச்சையால் சரியாகக்கூடியவை, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். குழப்பத்துக்கென்று யாராவது ஹலோபெரிடோல் போன்ற மருந்தைத் தந்தால், நோய் எந்த வகை என்று முடிவாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். லூயி உடல் மறதிநோய் என்ற இன்னொரு வகையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

வங்கிப் புத்தகத்தையும் காணி உறுதியையும் இன்றே பாதுகாப்பான கையில் ஒப்படையுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அவரை 10 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அறிந்த ஒருவரைக் கூடக் கூட்டிச் செல்லுங்கள். எந்த மாற்றம் முதலில் வந்தது, எது அடுத்தது என்று வரிசையாக எழுதிவைத்து, அவர் முன் வாயால் சொல்ல வேண்டாம், தாளை வைத்தியரின் கையில் கொடுங்கள். மரண வீட்டில் சிரித்ததையும் இனிப்பைப் பற்றியதையும் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். நோயை இனங்காண வைத்தியருக்குப் பெரிதும் உதவப்போவது அந்த இரண்டும்தான்.